கஸ்தூரியின் கைவலி

பேஸ் கிட்டார் வாசிக்கிறவனுக்கு மேடையில் என்ன மரியாதை என்று குணாளனைக் கேட்டுப் பாருங்கள், காது புளிக்கப் புளிக்கச் சொல்வான். பாடுகிறவருக்குக் கைதட்டல். டிரம்ஸ் அடிக்கிறவனைச் சுற்றி எப்போதும் பிள்ளைகள் கூட்டம். கீபோர்டு வாசிக்கிற கஸ்தூரி ஒரு பாட்டின் முதல் நாலு சுரத்தைத் தொட்டால் போதும், மண்டபமே 'ஓ'வென்று எழும். இவனிடம் மட்டும் யாராவது ஒரு மாமா கையில் சாப்பாட்டுத் தட்டோடு வந்து, "தம்பி, இதுல மட்டும் ஏன் நாலு கம்பி? மத்த ரெண்டும் அறுந்து போச்சா?" என்று கேட்பார். கல்யாண வீடியோக்களில் இவனுடைய இடது தோளும் கிட்டாரின் தலையும் தெரியும். அதற்கு மேல் கேமரா நகர்ந்ததில்லை.

வார நாட்களில் அவன் செடெனாக் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவன். சனி, ஞாயிறென்றால் சதாசிவம் அண்ணனின் இசைக்குழு. சதாசிவம் சிகாமட்காரர், டயர் கடை வைத்திருக்கிறார். பாடுவதும் அவர்தான், குழுவுக்குத் தலைவரும் அவர்தான். குணாளனும் கஸ்தூரியும் குளாயில் ஒரே தாமான் குடியிருப்பில் வளர்ந்தவர்கள், பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகம். கஸ்தூரி ஒரு பாலர் பள்ளியில் ஆசிரியை. அவள் வீடு நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அதனால் அவளுடைய கீபோர்டு குணாளனின் காரின் பின்பக்கத்திலேயே குடியிருந்தது. வாசிக்கப் போகிற இடத்துக்கெல்லாம் அதையும் அவளையும் ஏற்றிக்கொண்டு போவது அவன்தான். சதாசிவம் எதையும் குணாளனிடம் சொல்லிவிடுவார், அது கஸ்தூரிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். இத்தனை வருஷமாக அதில் ஒரு குறையும் வந்ததில்லை.

காலால் மிதித்துக் கிட்டாரின் சத்தத்தை மாற்றுகிற பெடல்கள்மேல் அவனுக்குப் பைத்தியம் பிடித்தது போன வருஷம். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஒரு கிட்டார்காரன் தன் பழைய டிஸ்டார்ஷன் பெடலை இவன் தலையில் கட்டினான். கிட்டாருக்கென்று செய்ததை பேஸில் மாட்டினால் மேலே நன்றாக உறுமும், கீழே கனம் காணாமல் போய்விடும். குணாளன் விடவில்லை. சுத்தமான சத்தத்தைத் தனி வழியில் கொண்டுபோய்க் கடைசியில் கலந்துவிடுகிற பெட்டி ஒன்று வாங்கி அந்தக் கனத்தைத் திரும்பக் கொண்டுவந்தான். பிறகு சத்தத்தை அலைய வைக்கிற பெடல், எதிரொலி போடுகிற பெடல் என்று ஒவ்வொன்றாகக் காலடியில் வரிசை கட்டின. கடைசியாக வந்து சேர்ந்தது சிந்த் பெடல். கம்பியில் வாசிக்கிற சுரத்தை அது காது கொடுத்துக் கேட்கும், கேட்டதை வயலின் கூட்டமாகவோ புல்லாங்குழலாகவோ மாற்றித் தரும். முதல் தடவை ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு வாசித்தபோது குணாளனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. தன்னுடைய நாலு கம்பியிலிருந்தா இது வருகிறது என்று பெடலைக் குனிந்து குனிந்து பார்த்தான்.

அந்தப் பெடலிடம் ஒரு தொல்லை இருந்தது. ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் அதற்குப் புரியும். தொடாத கம்பி சும்மா அதிர்ந்தாலும் எதைக் கேட்பது என்று தெரியாமல் உளற ஆரம்பித்துவிடும். குணாளன் ஒரு பழைய காலுறையை எடுத்துக் கிட்டாரின் கழுத்தில், தலைக்குச் சற்றுக் கீழே, இறுக்கிச் சுற்றினான். தொடாத கம்பிகள் வாயை மூடிக்கொண்டன. பெடலும் ஒழுங்காகப் பேசியது.

அப்புறம்தான் அவனுக்கு அந்த ஆசை வந்தது. சிகாமட்டில் ஒரு கல்யாண விருந்துக்குக் குழுவை அழைத்திருந்தார்கள். பொண்ணும் மாப்பிள்ளையும் மண்டபத்துக்குள் நுழையும்போது வாசிக்கிற பாட்டுக்கு, எல்லோரும் 'ஓ'வென்று எழுகிற அந்தத் தொடக்கத்தை ஒரே ஒரு தடவை தான் வாசிக்க வேண்டும். கேட்டிருக்கலாம். கேட்டால் கஸ்தூரி சிரிப்பாளோ என்று கூச்சம். கூச்சப்படுகிறவன் பேசாமல் இருந்திருக்கக் கூடாதா? சதாசிவத்துக்குப் போன் போட்டான்.

"அண்ணே, கஸ்தூரிக்கு வலது கை மணிக்கட்டு வீங்கிக் கிடக்கு. டாக்டர் வாசிக்கவே கூடாதுன்னுட்டாரு."

"அலமாக்! அடுத்த ஞாயிறு கல்யாணம்லா. கீபோர்டு இல்லாம என்ன பண்றது?"

"நான் பாத்துக்கிறேண்ணே. என் பெடல்ல கீபோர்டு சத்தமெல்லாம் வருது. நீங்க அவளுக்குப் போன் கீன் பண்ணிடாதீங்க. பாவம், ஏற்கனவே மனசு ஒடிஞ்சு கிடக்கா."

கஸ்தூரியிடம் சொன்னது வேறு. "இந்த மாசம் அண்ணன் ஒண்ணும் எடுக்கலயாம்."

"நல்லதா போச்சு குணா. நீயும் ஓவர்டைம் ஓவர்டைம்னு கண்ணு உள்ள போயிட்ட. அந்த ஞாயித்துக்கிழமை நல்லா தூங்கு" என்றாள் அவள்.

அந்த வார்த்தை அவனைச் சுருக்கென்று குத்தத்தான் செய்தது. ஒரே ஒரு தடவைதானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

மண்டபத்தில் சாமான்களை இறக்கும்போதே மாப்பிள்ளையின் அத்தை ராசம்மா இடுப்பில் கைவைத்து வந்து நின்றார். வீட்டுக் காரியமெல்லாம் அவர் பேச்சுப்படிதான் நடக்கும் என்பது பார்த்தாலே தெரிந்தது.

"தம்பிங்களா, பொண்ணு மாப்பிள்ள வாசல்ல கால வச்சதுலேருந்து மேடையில உக்கார்ற வரைக்கும் பாட்டு நிக்கவே கூடாது. எங்க குடும்பத்துல அதான் வழக்கம். நடுவுல நின்னா அபசகுனம்."

"கரண்டு போயிட்டா என்னக்கா பண்றது?" என்று டிரம்ஸ்கார செல்வா விளையாட்டாகக் கேட்டான்.

"வாயால பாடுங்க" என்று சொல்லிவிட்டு அவர் சமையல்காரர்களை அதட்டப் போய்விட்டார்.

குணாளன் பெடல்களைப் பரப்பி, வயர்களைச் சொருகி, ஒவ்வொரு விளக்காக எரியவிட்டான். கீபோர்டு நிற்கிற இடத்தில், மேடையின் முன்பக்கம், அன்று அவன் நின்றான். வீடியோ எடுக்கிறவர் கேமராவைச் சரிசெய்தபடி அவனைப் பார்த்துச் சிரித்தார். "பாஸ், கிட்டாருக்குக் குளிரா? சட்டையெல்லாம் போட்டு விட்டிருக்கீங்க. இன்னிக்கு நீங்கதான் முன்னாடி, கிட்டக்க வந்து எடுப்பேன்."

குணாளன் காலுறையைப் பார்த்தான். சாயம் போன சாம்பல் நிறம், பெருவிரல் பக்கம் ஓட்டை வேறு. வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேமரா அவனைத் தேடி வருகிறது, வந்து இந்த ஓட்டையையா எடுக்க வேண்டும்? சட்டென்று உருவிச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டான். அவசரமாக ஒரு தடவை வாசித்துப் பார்த்தான். ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

கதவு திறந்தது. பொண்ணும் மாப்பிள்ளையும் வாசலில் வந்து நின்றார்கள். சதாசிவம் தலையசைக்க, குணாளன் சிந்த் பெடலை மிதித்துத் தொடக்கத்தை வாசித்தான். நாலு சுரம். வயலின் கூட்டம் ஒன்று மண்டபத்தின் கூரைக்குக் கீழே எழுந்து நின்றது. சனங்கள் 'ஓ' என்றார்கள். கேமரா கிட்டே வந்தது. இதற்குத்தானே இத்தனை நாள் என்று அவன் நெஞ்சு விம்மியது.

அடுத்த நொடி செல்வா டிரம்ஸை அடித்து இறங்கினான். மேடைப் பலகை அதிர்ந்தது, ஆளுயர ஒலிபெருக்கிகள் அதிர்ந்தன, குணாளன் தொடாத கம்பிகளும் சேர்ந்து அதிர்ந்தன. வீட்டில் ஹெட்ஃபோனுக்குள் டிரம்ஸ் இருந்ததில்லை. பெடல் எல்லாவற்றையும் கேட்டது. வயலின் கூட்டம் சறுக்கியது, தாவியது, தொண்டை கட்டிய ஆடு மாதிரி கத்தியது. அவன் உள்ளங்கையால் கம்பிகளை அமுக்கினான். அமுக்கினால் வாசிக்க முடியவில்லை. காலால் பெடலை அணைக்கப் போய்ப் பக்கத்திலிருந்த டிஸ்டார்ஷனை மிதித்துவிட்டான். ஆடு இப்போது உறுமிக்கொண்டே கத்தியது.

அது போதாதென்று இன்னொன்றும் நடந்தது. அவன் மெட்டைத் துரத்திக்கொண்டிருந்ததால் பேஸ் வாசிக்க ஆளில்லை. இருக்கிறது இரண்டு கை, அதை வைத்து இரண்டு பேர் வேலையை எப்படிச் செய்வது? இதை அவன் முன்னமே யோசித்திருக்க வேண்டும். ஆசை யோசிக்க விட்டால்தானே! பொண்ணுக்கு முன்னால் ஆடிக்கொண்டு வந்த பிள்ளைகளுக்கு அடி பிடிபடவில்லை, ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். முன் மேசையில் ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தவரிடம் சத்தமாகவே சொன்னார். "என்னமோ பாட்டுக்குக் கீழ தரையே இல்லாத மாதிரி இருக்குதுப்பா."

வருஷக்கணக்காக எவனாவது ஒருத்தன் கவனிக்க மாட்டானா என்று ஏங்கிய பேஸை அன்றைக்குத்தான் ஊரே கவனித்தது, அது இல்லாதபோது. குணாளனுக்குக் காதெல்லாம் சூடேறியது. தலையைத் தூக்கினான். மூன்றாவது மேசையில் கஸ்தூரி உட்கார்ந்திருந்தாள்.

கூடவே அவளோடு வேலை பார்க்கும் பிரேமலா. பொண்ணு பிரேமலாவுக்குச் சித்தி மகள். "ஞாயித்துக்கிழமை சும்மாதானே இருக்க, என்கூட சிகாமட்டுக்கு வா" என்று அவள் கூப்பிட, கஸ்தூரியும் வந்திருக்கிறாள். இந்த மாதம் வாசிப்பு இல்லை என்று சொல்லி அவளைச் சும்மா இருக்க வைத்ததே குணாளன்தான். அவள் முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை. என்ன நடக்கிறது என்று புரியாமல் வாய் லேசாகத் திறந்தபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் பார்வையைத் தாழ்த்திக்கொண்டான். பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடக் கூடாதா என்றிருந்தது.

ஒருவழியாகப் பெடல்களை அணைத்துவிட்டு வெறும் பேஸுக்குத் திரும்பினான். அப்போது மெட்டு காணாமல் போயிற்று. நடைபாதையின் பாதியில் நிற்கிற பொண்ணு மாப்பிள்ளையைப் பார்த்தும், ராசம்மாவின் கண்ணைப் பார்த்தும் பயந்துபோன சதாசிவம், வயலின் வாசிக்க வேண்டிய இடங்களையெல்லாம் "லல லல லா" என்று வாயாலேயே பாடி அவர்களை மேடையில் உட்கார வைத்தார். கைதட்டல் விழுந்தது. இரக்கப்பட்டுத் தட்டினார்கள் என்பது தட்டின விதத்திலேயே தெரிந்தது.

நெற்றியைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்த சதாசிவத்தின் கண்ணில் கஸ்தூரி பட்டாள். மைக் கையிலேயே இருந்தது.

"அட, நம்ம கஸ்தூரி! கைவலியோட வந்துட்டியாம்மா? குணா சொன்னான், வலது மணிக்கட்டு ரொம்ப வீங்கிப் போச்சுன்னு. இப்போ எப்படி இருக்கு?"

மண்டபமே திரும்பிப் பார்த்தது. "எந்தக் கை?" என்று அவள் ஒரு வார்த்தை கேட்டால் போதும், குணாளனின் கதை அங்கேயே முடிந்தது. சதாசிவம் பொய்யை மட்டும் பொறுக்க மாட்டார் என்று குழுவில் எல்லோருக்கும் தெரியும். கஸ்தூரி சதாசிவத்தைப் பார்த்தாள். பிறகு குணாளனைப் பார்த்தாள். எல்லாம் அவளுக்குப் புரிந்துவிட்டது என்று அவனுக்குத் தெரிந்தது. அவள் கைப்பையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது மணிக்கட்டை மெல்ல நீவினாள்.

"இப்போ பரவால்லண்ணே. வீக்கம் வடிஞ்சிருச்சு."

"அப்போ ரெண்டு பாட்டாச்சும் மெதுவா வாசிக்க முடியுமாம்மா? எங்க மானத்தக் காப்பாத்து. கீபோர்டு எங்க இருக்கு?"

கீபோர்டு எங்கே இருக்கிறது என்று குணாளனுக்குத்தான் தெரியும். கார் நிறுத்துமிடத்துக்குப் போய், அத்தனை பேர் பார்க்க அதைத் தோளில் சுமந்துகொண்டு மண்டபத்தின் நடுவே நடந்து வந்தான். அந்தக் கீபோர்டு அன்றைக்குக் கனத்ததுபோல் என்றைக்கும் கனத்ததில்லை. தாங்கியை விரித்து நிறுத்தும்போது, "கஸ்தூரி..." என்று ஆரம்பித்தான்.

"வயர குடு" என்றாள் அவள்.

அவள் வாசித்தாள். குணாளன் பெடல்களையெல்லாம் கழற்றிவிட்டுக் கிட்டாரை நேராக ஆம்ப்பில் சொருகிக்கொண்டு, பின்னால் தன் பழைய இடத்தில் நின்று வாசித்தான். பிள்ளைகள் ஆடினார்கள், பெரியவர்கள் ஆடினார்கள், ராசம்மாகூடத் தலையை ஆட்டினார். பேஸை ஒருவரும் கவனிக்கவில்லை. ஒரு பாட்டு முடிந்து சதாசிவம் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் கஸ்தூரி ஞாபகமாக மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். ஒரு தடவை மறந்துபோய் இரண்டு கையாலும் வேகமாக ஓட்டிவிட்டு, சட்டென்று முகத்தைச் சுளித்து நடித்தாள். பிள்ளைகளுக்கு உண்மை பேசக் கற்றுக்கொடுக்கிறவள் அவள். அந்த நடிப்பை ஒவ்வொரு பாட்டுக்கும் பார்த்துக்கொண்டிருப்பது குணாளனுக்குச் செருப்படியைவிட மோசமாக இருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் ராசம்மா விடவில்லை. கஸ்தூரியை நாற்காலியில் உட்கார வைத்து, கைப்பையிலிருந்து மினியாக் ஆங்கின் தைலம் எடுத்து மணிக்கட்டில் சூடு பறக்கத் தேய்த்து, தன் கைக்குட்டையையே கிழித்துக் கட்டுப்போட்டார். "இந்தக் காலத்துப் பிள்ளைங்க யாரு இப்படி வலிய பொறுத்துக்கிட்டு வந்து நிப்பாங்க?" என்று சுற்றி நின்றவர்களிடம் கேட்டார். கஸ்தூரி குனிந்த தலை நிமிரவில்லை. எண்ணெய் வாசம் குணாளன் உட்கார்ந்திருந்த மேசைவரைக்கும் வந்தது. அவன் தட்டைத் தள்ளி வைத்தான்.

கடைசிப் பாட்டு முடிந்ததும் சதாசிவம் மைக்கைப் பிடித்தார். "கை வலிக்க வலிக்க வந்து வாசிச்ச நம்ம கஸ்தூரிக்கு எல்லாரும் ஒரு பெரிய கைதட்டல் குடுங்க." மண்டபம் இடிந்து விழுகிற மாதிரி தட்டினார்கள். இந்தத் தடவை இரக்கத்துக்கு இல்லை, மனசாரத் தட்டினார்கள். குணாளனும் தட்ட வேண்டியிருந்தது. அதற்குமேல் அவனால் தாங்க முடியவில்லை.

வெளியே குழுவின் வேனில் சாமான்களை ஏற்றும்போது சதாசிவமும் கஸ்தூரியும் பக்கத்தில் நின்றார்கள். குணாளன் கையிலிருந்த வயரைக் கீழே போட்டான்.

"அண்ணே, அவ கைக்கு ஒண்ணுமே இல்லண்ணே. வீக்கமும் இல்ல, டாக்டரும் இல்ல. நான்தான் உங்ககிட்ட பொய் சொன்னேன். அந்த ஓப்பனிங்க நான் வாசிக்கணும்னு ஆசப்பட்டேன். அவகிட்ட இந்த மாசம் வாசிப்பே இல்லன்னு சொல்லிட்டேன்."

சொல்லி முடித்ததும் நெஞ்சிலிருந்து பாறாங்கல் இறங்கின மாதிரி இருந்தது. நாலு திட்டு திட்டுவார், வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றான். சதாசிவம் அவனைத் திட்டவில்லை. அவனைப் பார்க்கக்கூட இல்லை. கஸ்தூரியின் கையிலிருந்த கட்டைப் பார்த்தார்.

"அப்போ நீயும் என்கிட்ட பொய்தான் சொன்னியாம்மா?" என்று கேட்டார். "மைக்குல, அத்தன பேரு முன்னாடி என்னை வேற கைதட்டச் சொல்ல வச்சிட்டியே."

கஸ்தூரியின் முகம் கறுத்துப் போயிற்று.

"அடுத்த வாரம் தங்காக்ல ஒரு கல்யாணம் இருக்கு" என்றார் சதாசிவம், வேன் கதவைச் சாத்தியபடி. "இனிமே அவங்கவங்களுக்கு நானே போன் பண்ணிக்கிறேன்." சொல்லிவிட்டு மண்டபத்துக்குள் போய்விட்டார்.

"கஸ்தூரி, நான் சத்தியமா..." என்றான் குணாளன்.

"உன் மானம் போகக்கூடாதுன்னுதான் நாள் முழுக்கக் கையத் தேய்ச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன்" என்றாள் அவள். குரல் உயரவில்லை. "என்னை ஒரு வார்த்த கேட்டியா சொல்றதுக்கு முன்னாடி? உன் மனசு லேசாயிடுச்சு. நான் பொய்க்காரி ஆயிட்டேன்."

அவன் கீழே கிடந்த வயரை எடுத்துச் சுருட்டினான்.

"அந்த ஓப்பனிங்க கேட்டிருந்தா குடுத்திருப்பேனே குணா. நீ மெட்ட வாசி, நான் இடது கையால கீபோர்டுல பேஸ் போட்டுக்கிறேன்னு சொல்லியிருப்பேன். ஆடுறவங்களும் நின்னிருக்க மாட்டாங்க. இதுக்கா என் கைய ஒடிச்சே?"

அது அவனுக்குத் தோன்றவே இல்லை. எத்தனை வருஷம் பக்கத்தில் நின்று வாசித்திருக்கிறான், அவளுக்கும் இரண்டு கை இருப்பது அவன் மண்டையில் ஏறவே இல்லை. காலுறை இருந்த சட்டைப்பையை ஏனோ அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

கஸ்தூரி அதற்குமேல் நிற்கவில்லை. மேடைக்குப் போய்த் தன் கீபோர்டை உறையில் போட்டு, தானே தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். குணாளனின் காரைத் தாண்டி நடந்தாள். பிரேமலாவின் கார் சின்னது. பின்னிருக்கையைச் சாய்த்தும் கீபோர்டு உள்ளே போகவில்லை. ஒரு முனை முன்னிருக்கை வரைக்கும் நீட்டிக்கொண்டு நின்றது. கட்டுப்போட்ட கையால் அதை இன்னும் உள்ளே தள்ளினாள். குணாளன் இரண்டடி எடுத்து வைத்தான். "கிட்ட வராத" என்று அவள் திரும்பாமலே சொன்னாள். அவன் அங்கேயே நின்றான்.

வாசலில் விருந்தாளிகளை வழியனுப்பிக்கொண்டிருந்த ராசம்மாவின் கண்ணில் இது பட்டது. சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு படியிறங்கி ஓடிவந்தார்.

"ஏம்பா தம்பி! கை வலிக்கிற புள்ள அவ்ளோ பெரிய சாமானத் தூக்குது, நீ மரம் மாதிரி நின்னு வேடிக்க பாக்கிறியே! உனக்கு வெக்கமா இல்ல?"

மண்டபத்து வாசலில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கஸ்தூரி காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"இருக்குக்கா" என்றான் குணாளன்.